பிரிட்டனியின் உள்நாட்டில் நடக்க: மோன் தாரே குன்றுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் பிரிட்டனி. அங்கே நடைபயணம் போகலாமா என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கடலோரப் பாதையான ஜி.ஆர். 34. மோன் சேன் மிஷேலில் தொடங்கி சேன் நசேர் வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போன தடம் அது. அழகான பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அதன் பேர்பெற்ற பகுதிகளில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

இந்த வழிகாட்டி கடலோரத்தை விட்டுவிட்டு உள்ளே போகிறது. கருங்கல் வீடுகள், புதர் வேலிகள், மாட்டுக் கொட்டில்கள், திடீரென்று முளைக்கும் ஒரு மொட்டைக் குன்று, ஊருக்கு ஒரு தேவாலயம் என்று இருக்கும் கிராமப்புறம் அது. பிரிட்டனியின் மிக உயர்ந்த இடமே 385 மீட்டர்தான். 'இதெல்லாம் ஒரு மலையா' என்று நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஆளைச் சோதிப்பவை சேறு, மூடிக்கிடக்கும் கடை, வராத பேருந்து ஆகிய மூன்றும்தான். உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த மூன்றையும் மனதில் வைத்துத் திட்டம் போட்டால் போதும்.

படி 1: ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வாரத்தில் பிரிட்டனி முழுவதையும் பார்க்கக் கிளம்பினால் பாதி நேரம் ரயில் நிலையங்களில்தான் போகும். உள்நாட்டில் நடக்கத் தோதான பகுதிகள் என்று நான்கைச் சொல்வேன்.

இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர்கள், சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் நாந்த் - பிரெஸ்ட் கால்வாய்க் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயக் கப்பற்படை கடல் வழியை மறித்த காலத்தில், உள்நாட்டு நீர்வழியாகவே பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக நெப்போலியன் உத்தரவிட்ட கால்வாய் இது. 364 கிலோமீட்டர் நீளம், 238 நீர்ப்பூட்டுகள் (மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்கும் மதகுகள்). கட்டி முடித்தபோது 1842 ஆகிவிட்டது. நெப்போலியனும் இல்லை, போரும் இல்லை. குளோமெல் என்ற இடத்தில் நீர் பிரியும் மேட்டை வெட்டித் திறக்கக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன கரைப்பாதை இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் விடப்பட்டிருக்கிறது. மேடும் இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை. ஜோஸ்லேன் ஊரில் தண்ணீருக்கு நேர் மேலே எழும்பி நிற்கும் கோட்டை இந்தப் பாதையின் சிறந்த காட்சி. ஆனால் மூன்றாம் நாளில் சமதளம் சலிக்கும் என்பது என் கருத்து.

இரண்டாவது, அதே கால்வாயை அறுத்து 1930இல் நிறைவடைந்த அணையின் பின்னால் விரியும் கெர்லெதான் ஏரி. ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; இரண்டு நாளாகப் பிரித்து நடப்பது நல்லது. 1184இல் நிறுவப்பட்ட போன் ரெப்போ மடாலயம் மேற்கு முனையில் இருக்கிறது. 2015இல் பராமரிப்புக்காக ஏரியை வடித்தபோது, மூழ்கிக் கிடந்த பழைய நீர்ப்பூட்டுகளும் பூட்டுக்காவலர் வீடுகளும் வெளியே தெரிய, அதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது.

மூன்றாவது, ஆர்தர் மன்னன் கதைகளோடு சேர்த்துப் பேசப்படும் பேம்போன் காடு. ஆர்தர் கதையில் வரும் மந்திரவாதி மெர்லினின் கல்லறை, மாய நீரூற்று, மீள முடியாத பள்ளத்தாக்கு என்று பெயர்கள் எல்லாம் கிளர்ச்சியூட்டும். பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைகள் உண்மையிலேயே அழகு. ஆனால் காட்டின் பெரும்பகுதி தனியார் சொத்து. வேட்டைக் காலத்தில் பல தடங்களை மூடிவிடுவார்கள். மெர்லின் கல்லறை என்று காட்டப்படுவது இரண்டு மூன்று கற்கள்தான். பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

நான்காவது, மேற்கே பினிஸ்தேர் மாவட்டத்தில் இருக்கும் மோன் தாரே குன்றுகள். காடு, சதுப்பு, மொட்டைப் பாறை முகடு, கல் சிற்பங்கள் நிறைந்த தேவாலயங்கள் எல்லாம் நான்கு நாள் நடைக்குள் அடங்கும் இடம் இதுதான். இனி சொல்வதெல்லாம் இதைப் பற்றியே.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே நடுப்பகுதி முதல் ஜூன் முடிவு வரை சிறந்தது. ஜூனில் இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அவசரமே இல்லாமல் நடக்கலாம். மழை எந்த மாதத்திலும் வரும். சென்னையின் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்க்காது. கண்ணுக்குத் தெரியாத தூறலாக அரை நாள் தொடர்ந்து, குடை பிடிக்கவும் தோன்றாமல், எலும்பு வரை நனைத்துவிடும்.

ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் குன்றுகளில் ஹெதர் புதர் ஊதாவாகவும் அதனூடே முட்செடி மஞ்சளாகவும் பூக்கும். படம் எடுக்க வருபவர்களுக்கு அதுதான் பருவம். செப்டம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை பள்ளமான பாதைகளில் கணுக்கால் அளவுக்குச் சேறு; சீக்கிரமே இருட்டு; பல தங்குமிடங்கள் மூடியிருக்கும். முதல் பயணத்துக்குக் குளிர்காலம் வேண்டாம்.

படி 3: வரைபடமும் வழிக்குறிகளும்

பிரான்சில் பாதைக்குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மரத்திலோ கல்லிலோ மின்கம்பத்திலோ பெயிண்ட்டால் கோடு போட்டிருப்பார்கள்.

வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடும் இருந்தால் அது ஜி.ஆர்., அதாவது நெடுந்தொலைவுப் பாதை. மஞ்சளும் அதன் கீழே சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. வெறும் மஞ்சள் என்றால் பி.ஆர்.; சில மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் உள்ளூர் வட்டப்பாதை. இரண்டு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் நேராகப் போகலாம். வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பெருக்கல் குறி இருந்தால் அது தவறான வழி. ஆரஞ்சு நிறம் குதிரைப் பாதை. முக்கோணமும் இரண்டு வட்டமும் மலை மிதிவண்டிக்கு உரியவை. அவற்றைப் பின்தொடர்ந்து போய்விடாதீர்கள், அவை வேறு எங்காவது கொண்டுபோய் நிறுத்தும்.

ஒரு சிறு பழக்கம் போதும்: கடைசிக் குறியைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆகியும் அடுத்தது தென்படவில்லை என்றால் நில்லுங்கள், முன்னேறாதீர்கள். கடைசியாகப் பார்த்த குறி வரை திரும்பி வந்து சுற்றிப் பாருங்கள். இங்கே வயல்களுக்கு நடுவே டிராக்டர் தடங்கள் நூறு பிரியும். குறிகள் பெரும்பாலும் திருப்பத்துக்குப் பின்னால் இருக்கும் வேலிக்கல்லில்தான் ஒளிந்திருக்கும்.

மோன் தாரே பகுதியில் ஜி.ஆர். 37 உள்நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு உவெல்குவாத் என்ற சிற்றூர் வழியே வருகிறது. ஜி.ஆர். 380 குன்றுகளையும் வடக்கே இருக்கும் தேவாலய வளாகங்களையும் இணைக்கும் சுற்றுப்பாதை. பிரான்சின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவிலான காகித வரைபடத்தை வாங்கிவிடுங்கள். அவர்களுடைய கைபேசிச் செயலியும் உண்டு; முதல் நாளே இணைப்பு இல்லாமல் பார்க்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். சதுப்புப் பக்கம் சிக்னல் வரும் போகும்.

படி 4: போய்ச் சேருங்கள்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் ரென் நகருக்கு ஒன்றரை மணி நேரம், மோர்லேக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். இறங்க வேண்டியது மோர்லே. லண்டன் பக்கம் இருப்பவர்கள் பிளைமவுத்திலிருந்து ரொஸ்கோஃப் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் மோர்லே வரலாம். கப்பலில் ஓர் இரவு தூங்கிக் காலையில் இறங்குவது நல்ல தொடக்கம்.

மோர்லேயிலிருந்து உவெல்குவாத்துக்கு பிரேஸ்கோ என்ற வட்டாரப் பேருந்து ஓடுகிறது. ஒரு நாளைக்குச் சில முறைதான்; ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் அட்டவணை மாறும். ரயில் சீட்டு எடுக்கும் முன் பேருந்து நேரத்தைப் பாருங்கள், பிறகு அதற்கேற்ற ரயிலைத் தேடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மோர்லே நிலைய வாசலில் டாக்சிக்காக நிற்கிறார்கள்.

படி 5: இரவுக்கு இடம்

நடப்பவர்களுக்கு என்றே பல படுக்கைகள் கொண்ட 'ஜீத் தேதாப்' விடுதிகள் உண்டு; சமையலறையும் இருக்கும், விலையும் குறைவு. வீட்டிலேயே அறை கொடுத்துக் காலை உணவும் தரும் 'ஷாம்ப்ர் தோத்' இன்னொரு வகை. பல வீடுகளில் முன்கூட்டியே சொன்னால் இரவுச் சாப்பாடும் உண்டு. சிற்றூரில் வேறு உணவகமே இருக்காது என்பதால் முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கோடையில் நகராட்சி நடத்தும் கூடாரத் திடல்களும் திறந்திருக்கும்.

கிடைத்த இடத்தில் கூடாரம் அடிக்கலாமா? தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்காமல் கூடாது. கடற்கரையிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் தடை. மோன் தாரேயின் சதுப்பும் புதர்க்காடும் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டவை. ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, சிரித்து, 'போன்ஜூர்' சொல்லிக் கேட்டால் புல்தரை கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த 'போன்ஜூர்' மட்டும் முக்கியம். அதைச் சொல்லாமல் நேரடியாக விஷயத்துக்குப் போவதைப் பிரான்சில் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

படி 6: பையில் என்ன

காலணிக்குத் தண்ணீர் புகாத தன்மை வேண்டும். ஒட்டும் சேற்றில் வழுக்காத அடிப்பாகம் வேண்டும். மழைச்சட்டை, மழைக்காற்சட்டை இரண்டும் வேண்டும். இடுப்புக்குக் கீழே நனைந்தால்தான் குளிர் ஏறும். பைக்குள் இருப்பதையெல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிடுங்கள். மாற்றுக் காலுறை மூன்று ஜோடி. முட்செடி காலைக் கிழிக்கும் என்பதால் கோடையிலும் முழுக்காற்சட்டை. உண்ணி எடுக்கும் சிறு கொக்கி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். முகட்டில் காற்று பலமாக இருக்கும். ஜூலையிலும் ஒரு குளிராடை தேவை. மற்றதெல்லாம் உங்கள் வழக்கம்போல.

படி 7: சாப்பாடும் தண்ணீரும்

கிராமக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரமாவது மூடிக் கிடக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் ரொட்டிக்கடைகூட இருக்காது. எனவே எப்போதும் ஒரு வேளைச் சாப்பாடு பையில் கூடுதலாக இருக்கட்டும்.

திறந்திருக்கும் கிரேப்பரி, அதாவது பிரெஞ்சு தோசைக் கடை, கண்ணில் பட்டால் விடாதீர்கள். பக்வீட் என்ற விதையின் மாவைக் கரைத்து, வட்ட இரும்புக்கல்லில் மரக்கட்டையால் தேய்த்து ஊற்றும் 'கலெத்' நம் ராகி தோசைக்கு உறவுக்காரன் மாதிரியே இருக்கும். அதிகம் விற்பது 'கொம்ப்லேத்'. அதில் முட்டை, பாலாடைக்கட்டியோடு பன்றித்தொடைக் கறியும் இருக்கும். சைவர்கள் 'சான் ஜாம்போன்' என்று சொன்னால் கறி இல்லாமல் தருவார்கள். காளான், வெங்காயம் வைத்ததும் கிடைக்கும். கூடவே கிண்ணத்தில் ஆப்பிள் சைடர் தருவார்கள். அதில் மது இருக்கிறது. வேண்டாதவர்கள் மோர் கேளுங்கள், 'லே ரிபோ' என்று பெயர். உப்பு வெண்ணெயும் சர்க்கரையும் போட்டி போடும் குவின் அமான் என்ற கேக், மேடு ஏறப்போகும் நாளில் மட்டும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். மேலே எங்கோ மாடு மேய்ந்துகொண்டிருக்கும்; பண்ணை நிலங்களிலிருந்து நைட்ரேட் கலப்பது பிரிட்டனியின் பழைய தலைவலி. ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையா என்று பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

படி 8: நான்கு நாள் நடை

முதல் நாள், உவெல்குவாத் காடு. பேருந்தில் இறங்கிப் பையை விடுதியில் வைத்துவிட்டு, ஏரி முனையிலிருந்து தொடங்குங்கள். ஏரி நீர் வழிந்தோடும் இடத்திலேயே யானை அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. கருங்கல்லின் விரிசல்களில் தண்ணீர் இறங்கி, பல யுகங்களாக அரித்து, உருண்டையான நடுப்பகுதிகளை மட்டும் விட்டுவைத்ததால் வந்த கோலம் இது. உள்ளூர்க் கதையில் வேறு காரணம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பாறைகளுக்கு நடுவே இரும்பு ஏணியில் இறங்கினால் சாத்தான் குகை. கீழே வெள்ளி ஆறு இரைந்துகொண்டு ஓடும். மழைக்குப் பின் ஏணியும் கல்லும் வழுக்கும். அதைத் தாண்டினால் 'நடுங்கும் பாறை'. 137 டன் என்கிறார்கள். சரியான இடத்தில் முதுகைக் கொடுத்து, தாளத்தோடு தள்ளினால் உண்மையிலேயே அசையும். பலம் பிரயோசனப்படாது, எங்கே தள்ளுவது என்று பக்கத்தில் நிற்கும் சிறுவனைக் கேட்பதே சுலபம்.

ஆற்றோடு கீழே போய், திரும்பும்போது மேட்டில் ஓடும் பழைய கால்வாயோரமாக வாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஈய, வெள்ளிச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியது அது. கிட்டத்தட்ட மட்டமான நிழல்வழி, காலுக்கு இதம். நேரம் இருந்தால் ஆர்தர் முகாம் என்று பெயர் பெற்ற மேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் ஆர்தர்; உண்மையில் அது ரோமானியர் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்த கால்லிய மக்களின் கோட்டை. 1938இல் பிரிட்டன் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகி, 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்தான். அரிக்கமேட்டுப் பானை ஓடுகளைப் படித்தவர்களுக்கு இந்த மண்மேடு கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

காட்டில் பல மரங்கள் ஒரே வயதாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. 1987 அக்டோபர் புயல் இங்கிருந்த பழைய மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது.

இரண்டாம் நாள், உவெல்குவாத்திலிருந்து சேன் எர்போ வழியாக பிரெனிலிஸ். பிரிட்டனியின் பள்ளப்பாதைகளை நன்றாக அனுபவிக்கும் நாள் இது. இரு பக்கமும் ஆள் உயர மண்கரை, அதன்மேல் ஓக் மரங்கள், தலைக்கு மேல் இலைக்கூரை. மாடும் வண்டியும் நூற்றாண்டுக்கணக்கில் மிதித்துத் தேய்த்த வழிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியபோது இப்படிப்பட்ட கரைகள் ஏராளமாக அழிக்கப்பட்டன. மிஞ்சியவற்றைத்தான் நாம் மிதிக்கிறோம். மழைக்குப் பின் இவையே ஓடையாகிவிடும், பொறுமையாக ஓரத்தில் நடங்கள்.

சேன் எர்போ சில வீடுகள் கொண்ட குக்கிராமம். அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம். அந்தப் புனிதர் கால்நடைகளின் காவலர். உள்ளே இரண்டு கல்மேசைகள் உண்டு. மாடு நலமாக இருக்க விவசாயிகள் வாலிலிருந்து முடிக்கற்றை வெட்டிக் கொண்டுவந்து அவற்றின் மேல் காணிக்கையாக வைத்தார்கள்.

மூன்றாம் நாள்தான் பெரியது: 22 முதல் 25 கிலோமீட்டர், பெரும்பகுதி திறந்தவெளி. வானிலை முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மூடுபனியில் முகடு தெரியாது. பாதை தவறினால் சதுப்பு.

பிரெனிலிஸைத் தாண்டியதும் சேன் மிஷேல் நீர்த்தேக்கம். அதன் கரையில் அணுமின் நிலையம் ஒன்று நிற்கிறது. 1967 முதல் 1985 வரை இயங்கியது. அதைப் பிரித்தெடுக்கும் வேலை அதைவிட நீண்டுகொண்டிருக்கிறது. அதை ஒட்டி விரிவது யெயுன் எலெஸ் என்ற கரிச்சதுப்பு. நரகத்தின் வாசல் இங்கேதான் என்பது பிரிட்டனி மக்களான பிரெத்தோன்களின் பழைய நம்பிக்கை. அடங்காத ஆவிகளைப் பாதிரியார்கள் கறுப்பு நாயின் உடலில் அடைத்து, இந்தச் சதுப்பில் கொண்டுவந்து தள்ளுவார்களாம். நரக வாசலில் அணு உலையை வைத்தது யார் யோசனையோ!

இதே சதுப்பு நீரோடைகளில்தான் 1968இல் மரங்களைக் கடித்து வீழ்த்தும் பீவர் என்ற விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை பெருகிவிட்டன. பகலில் பார்ப்பது அரிது. கூர்மையாகக் கடித்து வீழ்த்திய மரத்தண்டுகளைப் பார்த்தால் அது அவற்றின் வேலை. 2022இல் ஓர் ஓநாயும் இந்தக் குன்றுகளில் கேமராவில் சிக்கியது. நடப்பவர்கள் அதை எண்ணிப் பயப்படத் தேவையில்லை.

ஏரியைத் தெற்காகச் சுற்றி மேற்கே ஏறினால் 381 மீட்டர் உயரத்தில், உச்சியில் ஒற்றைச் சிற்றாலயத்தோடு மோன் சேன் மிஷேல் தெ பிராஸ்பார். நாலா பக்கமும் மரமில்லா வெளி. 2022 ஜூலையில் தீ வந்து 1,700 ஹெக்டேருக்கும் மேலான புதர்க்காட்டைத் தின்றது. ஆலயத்தைத் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள். கருகிய நிலத்தில் புல்லும் முட்செடியும் மீண்டும் வந்துவிட்டன. தடத்தை விட்டு விலகாமல் நடந்தால்தான் அவை நிலைக்கும்.

அங்கிருந்து வடக்கே முகட்டோடு போனால் துஷென் கதோர், அப்புறம் ரோக் திரெவெசெல். 384 மீட்டர், தலைகீழாகச் செருகிய பலகைகள் போல நிற்கும் கூரிய பாறைகள். நீண்ட காலம் பிரிட்டனியின் உச்சி என்று இதைத்தான் சொன்னார்கள். பக்கத்தில் ரோக் ருஸ் ஒரு மீட்டர் கூடுதல் என்பது பிறகு தெரிந்தது. அங்கே தொலைக்காட்சிக் கோபுரம் வேறு அருகில் நிற்பதால், காட்சிக்காக ஏறுவதானால் திரெவெசெல்தான் என் தேர்வு. தெளிவான நாளில் வடக்கே கடல் தெரியும். மேற்கில் இறங்கினால் கொமனா கிராமம்; இரவு அங்கே. ஊருக்குத் தெற்கே மூகோ பிஹான் என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் அடுக்கிய கல்லறை வழி ஒன்று இருக்கிறது. கால் அனுமதித்தால் பார்த்துவிடுங்கள்.

நான்காம் நாள் மீண்டும் வயல்வெளி, ஆனால் இந்த நாளின் சுவை கல்லில் இருக்கிறது. கொமனாவிலிருந்து வடக்கே கிமிலியோ, அங்கிருந்து லாம்போல் கிமிலியோ. இந்தச் சிற்றூர்களில் தேவாலயம், இறந்தவர் எலும்புகளை வைக்கும் கூடம், வெற்றி வளைவு, சிலுவைச் சிற்பத்தொகுதி எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் வைத்திருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றால், ஆளி நாரிலிருந்து. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கே நெய்த துணி இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கப்பலேறியது. பணம் சேர்ந்த ஊர்கள் அடுத்த ஊரைவிட உயரமாக, அதிகச் சிலைகளோடு கட்டப் போட்டி போட்டன.

கிமிலியோவின் சிலுவைத்தொகுதி 1581க்கும் 1588க்கும் இடையே செதுக்கியது. ஏறத்தாழ இருநூறு உருவங்கள். பாவம் செய்த காத்தெல் என்ற பெண்ணைப் பேய்கள் நரகத்துக்கு இழுத்துப்போகும் காட்சியைத் தேடிப் பாருங்கள். சிற்பிக்கு அந்தக் காலத்து உடைகள்மீதுதான் ஆர்வம் என்பது ஏசுவைச் சுற்றி நிற்கும் வீரர்களைப் பார்த்தாலே தெரியும். லாம்போலில் கோபுரம் மொட்டையாக இருப்பதைப் பார்த்து வேலை முடியவில்லை என்று எண்ண வேண்டாம். 1809இல் இடி விழுந்தது. உள்ளே குறுக்காகப் போகும் வண்ணம் தீட்டிய உத்தரத்தைத் தவறவிடாதீர்கள். அங்கிருந்து லாந்திவிசியோ ஊர் சில கிலோமீட்டர்தான். ரயில் நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் என்பதால் நேரத்தைத் தாராளமாக வையுங்கள்.

படி 9: ஆபத்துகள்

உண்ணிதான் முதலில். புல்லிலும் பெரணியிலும் இருக்கும், கடித்தால் தெரியாது, லைம் நோயைப் பரப்பக்கூடியது. தினமும் மாலை முழங்கால் பின்புறம், இடுக்கு, தலைமுடி ஓரம் எல்லாம் தேடுங்கள். கொக்கியால் சுழற்றி எடுங்கள். எண்ணெய், தீ எதுவும் வைக்க வேண்டாம். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் நடைபயணம் போனதைச் சொல்லுங்கள்.

வேட்டைக் காலத்தில் நடப்பதானால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை. 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை கண்டால் வேட்டை நடக்கிறது என்று பொருள், சுற்றுவழி தேடுங்கள். எந்தெந்த நாளில் சுடுவார்கள் என்பதைத் தங்குமிடத்தில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

தார்ச்சாலையில் நடக்க நேர்ந்தால் இடது ஓரமாக. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் எதிரே வருவதைப் பார்த்தபடி நடக்கலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் கால் மறுபக்கம் போகும், கவனம். புதர்க்காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள், சிகரெட்டும் வேண்டாம். கடும் வறட்சி நாட்களில் நிர்வாகம் சில பகுதிகளை மூடிவிடும். கால்நடை வாயில்களைத் திறந்தது போலவே மூடிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112, எங்கே இருக்கிறோம் என்பதை வரைபடத்திலுள்ள குக்கிராமத்தின் பெயரோடு சொல்வது உதவும்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால்

கேம்பேர் நகரத்துப் பக்கம் லொக்ரொனான் என்ற ஊருக்குப் போங்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு அங்கே ஆறு கிலோமீட்டர் அளவில் ஊர்வலம் நடக்கும். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அது 12 கிலோமீட்டர் பெருஞ்சுற்றாக, வயல்களுக்குக் குறுக்கே, புனிதர் ரொனான் நடந்ததாகச் சொல்லப்படும் வழியில் போகிறது. பெருஞ்சுற்று 2025இல் நடந்தது, அடுத்தது 2031இல். ஊர்வலத்துக்கென்றே சில வயல்களில் வழிவிடுவதால், மற்ற நாளில் அந்தப் பாதை முழுவதும் திறந்திருக்காது. ஜூலை மாத அறைகளுக்கு வசந்த காலத்திலேயே எழுதிவிடுங்கள்.